நீட்டின டம்ளர்

நீங்க போயி சாப்பிட்டுட்டு வாங்க சார். நான் இறங்கல. அவசரப்படாதிய, வண்டி எப்படியும் அரைமணி நேரம் நிக்கும். டிரைவரும் கண்டக்டரும் உள் ரூம்புல உக்காந்து ஓசிச் சாப்பாடு சாப்பிட்டு முடிக்கணும்லா. அதுக்குத்தானே ஊர்ல உள்ள நல்ல ஓட்டலையெல்லாம் விட்டுட்டு இந்தப் பொட்டக்காட்டுல கொண்டாந்து நிறுத்துதானுவ.

உங்களுக்கும் வேண்டாமா? சரி, அப்பம் அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. முழுசா இறக்காதிய. அன்னா, ஓட்டல் கேட்டுக்கிட்ட விசிலடிச்சு வண்டிகளை உள்ள விடுதான் பாருங்க ஒருத்தன், காக்கிச் சட்டை, தொளதொளன்னு. அவன் கண்ணுல நான் பட்டுரப்பிடாது. அதான் இறங்கல.

கடன்காரனான்னு பாக்கியளா? சே சே. ஆவுடையப்பன் எவன்கிட்டயும் கைநீட்டிக் கடன் வாங்கினதில்ல. இது வேற. எனக்கு என் சர்வீஸ்ல நடந்த பெரிய அநியாயத்துக்கு இந்த ஆளுதான் காரணம். பேரு தடிவீரன். எங்க டிப்போவுல மெக்கானிக்கா இருந்தவன். சட்டை தொளதொளன்னு இருக்கதப் பாத்து ஏமாறாதிய. அந்தக் காலத்துல அந்தச் சட்டை பித்தான் மாட்டாது.

நான் அயன்குளம் டிப்போ. அங்கன போயி ஆவுடையண்ணாச்சின்னு கேட்டுப் பாருங்க. சங்கத்துல கிளைச் செயலாளரா இருந்தவன். வேலை என்னமோ டிரைவர்தான். ஆனா ஸ்டியரிங்கைத் தொட்டது குறைச்சல். சங்க வேலை பாக்கவனுக்கு வண்டி ஓட்ட நேரம் எங்க இருக்கு? நம்ம கட்சி ஆட்சியில இருந்தா எனக்கு ஆபீஸ் டூட்டி, காலையில ஒரு கையெழுத்தோட தீந்துச்சு. நம்ம கட்சி தோத்துட்டா எனக்கு முதுகுவலி வந்திரும், மெடிக்கல் லீவு. நம்ப மாட்டிய, தேர்தல் முடிவு வந்த அன்னைக்கு ராத்திரியே வந்திரும் சார் அந்த வலி.

டிப்போ வாசல்ல கொடிக்கம்பம் வரிசையா நிக்கதப் பாத்திருப்பிய. கட்சிக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கம்பம். ஆட்சி மாறினா பாதிப் பேரு மறுநாளே கம்பம் மாறிருவானுவ. ரெண்டு சங்கத்துச் சந்தா ரசீதையும் சட்டைப்பையில வச்சிக்கிட்டு, ஆளப் பாத்து எடுத்துக் காட்டுறவனும் உண்டு. நான் மாறினதே இல்ல. கொள்கைன்னு ஒண்ணு வேணும்லா மனுசனுக்கு. என்ன கொள்கைங்கியளா? நம்ம கட்சின்னா நம்ம கட்சி. அதுக்கு மேல என்ன கொள்கை வேணும்?

இந்தப் பென்சன் விவகாரம் உங்களுக்குத் தெரியுமா? சுருக்கமாச் சொல்லிருதேன். எங்கள மாதிரி முந்திச் சேந்தவனுக்குப் பழைய பென்சன். ரிட்டயர் ஆனா சாவுற மட்டுக்கும் மாசாமாசம் வீடு தேடி வரும், நாம செத்தா வீட்டுக்காரிக்கு வரும். பிந்திச் சேந்தவனுக்குப் புதுசு. சம்பளத்துலயே பிடிச்சுக்கிட்டு வருவானுவ, கடைசியில ஒரு தொகையக் கையில கொடுத்துக் கும்பிடு போட்டு அனுப்பிருவானுவ. அதுவும் எப்பம் கொடுப்பானுவங்கது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஒரே வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு ஒருத்தன் போல்ட்ட முறுக்குதான், ஒருத்தன் நட்டப் பிடிக்கான். முறுக்குதவனுக்குப் பென்சன் உண்டு, பிடிக்கவனுக்கு இல்ல. தடிவீரன் நட்டப் பிடிக்கவன்.

நம்ம கட்சி எதிர்க்கட்சியா இருந்தப்ப நான் போட்ட போராட்டம் கொஞ்சநஞ்சமா? முதுகுவலியோட போனேன் சார். 'பிச்சையில்ல பென்சன், உழைச்சவன் சொத்து பென்சன்'னு கோசம் எழுதினது யாரு? அடியேன். மறியல் பண்ணிக் கல்யாண மண்டபத்துல அடைச்சு வச்சப்ப, சாம்பார்ல உப்பில்லன்னு அங்கனயே உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினதும் நான்தான். அந்தக் கோரிக்கையத் தலைமை தேர்தல் அறிக்கையில ஏத்துச்சு. ஜெயிச்சோம். பழைய பென்சன் வந்த மாதிரிதான்னு டிப்போ பூரா லட்டு கொடுத்தோம். தடிவீரனுக்கு மட்டும் நானே கையால ஏழெட்டு கொடுத்தேன். அவன் சாப்பிடுதது அப்படி ஒரு காட்சி. கேண்டீன்ல அவன் தலை தெரிஞ்சா பரோட்டா மாஸ்டர் இன்னொரு மடங்கு மாவு பிசைவாரு.

பொறவா? பொறவு குழு போட்டாவ. குழு ஊர் ஊராப் போயிக் கருத்துக் கேட்டு அறிக்கை கொடுத்துச்சு. அந்த அறிக்கைய ஆராயுததுக்கு இன்னொரு குழு. பயலுவ என்கிட்ட வந்து, என்ன அண்ணாச்சி, என்னாச்சு அண்ணாச்சின்னு தொணதொணக்க ஆரம்பிச்சானுவ. பிள்ளை பெறவே பத்து மாசம் ஆவுது, இது கஜானா விசயம்லாவேன்னு நான் சமாதானம் சொன்னேன். அந்தப் பக்கத்துச் சங்கத்துக்காரன் சும்மா இருப்பானா? அவன் ஆட்சியிலதான் இந்தக் கோரிக்கைய மிதிச்சுத் தேச்சான், அவனே இப்பம் எங்க வாசல்ல நின்னு 'வாக்குறுதி என்னாச்சு'ன்னு கத்துதான். கோசமும் நான் எழுதினதுதான் சார், பிச்சையில்ல பென்சன். களவாணிப்பய, ஒரு எழுத்து மாத்தல.

ஆளு கரைய ஆரம்பிச்சது. சும்மா இருந்தாச் சங்கம் போயிரும், சத்தம் போட்டாக் கட்சி போயிரும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டணும். ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். 'நன்றி தெரிவிக்கும் கவன ஈர்ப்பு உண்ணாவிரதம்.' சிரிக்காதிய. பேனர்ல அமைச்சர் படம் ஆளுயரம். 'நன்றி'ங்கிறத ரோட்டுல போற லாரிக்காரனும் படிக்கலாம். பென்சன்ங்கிறது அடியில, கிட்ட வந்து குனிஞ்சாத்தான் தெரியும்.

அமைச்சரோட உதவியாளரப் பாத்துப் பேசிட்டேன். அயன்குளத்துல ஒரு கல்யாணத்துக்கு அமைச்சர் வாராவ. மதியம் போற வழியில இறங்கி, ஜூஸ் கொடுத்து முடிச்சு வச்சிட்டு, 'விரைவில் நல்ல செய்தி வரும்'னு ஒரு வார்த்தை சொல்லுவாவ. இதான் பேச்சு. நீங்க வெளியாளு, உங்களுக்கு இது தெரியாது. உண்ணாவிரதத்துல பட்டினி கிடக்கது பெரிசில்ல சார், அத எவனும் கிடப்பான். யாரு கையால ஜூஸ் வாங்குதோம்ங்கதுதான் பெரிசு. கல்யாணத்துல தாலி எடுத்துக் கொடுக்கது மாதிரி. ஆளு சின்னதாப் போச்சுன்னா விசேசமே சின்னதாப் போயிரும்.

அப்பம் தொழிலாளர் நலவாரியத்துல துணைத்தலைவர் பதவி ஒண்ணு காலியா இருந்துச்சு. காரு, காருல கொடி, வீட்டு வாசல்ல போர்டு. காரியம் நல்லபடியா முடிஞ்சா உம்ம பேரத்தான் சொல்லப் போறேன்னு உதவியாளர் காதுல போட்டு வச்சாரு. நான் அதுக்காகச் செய்யல. ஆனா தேடி வாரத வேண்டாம்னு சொல்ல நான் யாரு?

எல்லாரும் அடையாள உண்ணாவிரதம்னா பத்திரிகைக்காரன் வர மாட்டான். ஒருத்தனாவது 'சாகும்வரை'ன்னு உக்காரணும். யார உக்கார வைக்க? இங்கனதான் சார் என் மூளையப் பாக்கணும். ஒல்லிப்பயலுவள உக்கார வச்சா வம்பு, வைராக்கியத்துல இழுத்திருவானுவ. பசி தாங்காதவனா வேணும். டம்ளரக் கண்டாப் பிடுங்கிக் குடிக்கவனா வேணும். டிப்போவுல அப்படி ஒருத்தன்தானே உண்டு. போதாததுக்கு அவன் ரிட்டயர் ஆக நாலு மாசம், புதுப் பென்சன், பிள்ளை குட்டி கிடையாது, வீட்டுக்காரி ரெண்டு முட்டும் போயிக் கட்டிலோட கிடக்கா. பத்திரிகைக்காரனுக்கு எழுதவும் தோதா இருக்கும்.

கூப்பிட்டுச் சொன்னேன். "இருந்தா பென்சன் கிடைக்குமா அண்ணாச்சி?"ன்னு கேட்டான். கிடைக்கும்வே, அமைச்சரே வந்து சொல்லப்போறாருன்னேன். அப்பம் இருக்கேன்னான். அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. இத எதுக்குச் சொல்லுதேன்னா, நான் வற்புறுத்தவே இல்லங்கது உங்களுக்குத் தெரியணும்.

அன்னைக்குக் காலையில டிப்போ முன்னால போட்ட பந்தல் ஜேஜேன்னு இருந்துச்சு. மைக் செட்டு, மாலை, வாசல்ல வாழைமரம் வேற. உண்ணாவிரதத்துக்கு எதுக்குவே வாழைமரம்னு கேட்டா, அமைச்சர் வாராருல்லாங்கான் பந்தல்காரன். நான் மேடைக்குப் பின்னால ஸ்டோர் ரூம்புல ரெண்டே ரெண்டு இட்லி சாப்பிட்டேன். சுகர் மாத்திரை போடணும் சார், வெறும் வயித்துல போடப்பிடாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லியிருக்காரு. மத்த தோழர்களும் அடையாளத்துக்கு இருந்துக்கிட்டு அப்பப்ப எந்திரிச்சு டீ குடிச்சிட்டு வந்தாவ. தடிவீரன் மட்டும் சம்மணம் போட்டு உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல. உச்சிக்கு முன்னால கிட்டப் போயிப் பசிக்காவேன்னு மெதுவாக் கேட்டேன். பசிக்கு அண்ணாச்சின்னான். எனக்குச் சந்தோசமாப் போச்சு.

கல்யாணப் பந்தியில உக்காந்துட்டாவ போல, அமைச்சர் வர நேரமாயிட்டு. ஒரு வழியா வந்தாவ. வெத்தலை போட்ட வாயோட மேடையேறி, இது தொழிலாளர்களின் அரசுன்னு பேசினாவ, நாங்க கைதட்டினோம். நான் சாத்துக்குடி ஜூஸைத் தட்டுல வச்சுக் கொண்டாந்தேன். நல்ல கண்ணாடி டம்ளர், என் வீட்டு அலமாரியில இருந்து எடுத்தது. அமைச்சர் எடுத்துத் தடிவீரன் வாய்க்கு நேர நீட்டினாவ. கேமரா எல்லாம் முன்னால குவிஞ்சுச்சு.

தடிவீரன் டம்ளரப் பாத்தான். தொண்டை ஏறி இறங்கினத நான் பக்கத்துல நின்னு பாத்தேன் சார். வாயத் திறந்தான். முடிஞ்சுச்சுடா சாமின்னு நினைச்சேன்.

"எந்தத் தேதியில இருந்துன்னு சொல்லுங்கய்யா, குடிச்சிருதேன்"னான்.

அமைச்சர் சிரிச்சாவ. குழு பரிசீலிச்சுக்கிட்டு இருக்கு, நல்ல செய்தி வரும், முதல்ல குடிங்க, உடம்புதான் முக்கியம், இந்த வயசுல பட்டினி கிடக்கலாமான்னு ரொம்பப் பிரியமாத்தான் சொன்னாவ.

அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? சத்தம் போடல, மொறைக்கல, சாதாரணமாச் சொன்னான். "நாலு மாசத்துல ரிட்டயர் ஆவுதேன்யா. பொறவு பட்டினிதானே. இப்பமே பழகிக்கிடுதேன்."

மைக் பக்கத்துலயே இருந்துச்சு. ரோடு வரைக்கும் கேட்டுட்டு. அமைச்சர் கை நீட்டினபடியே நிக்கு. பின்னால இழுத்தாத் தோத்த மாதிரி, முன்னால கொண்டு போனா அவன் வாயத் திறக்க மாட்டேங்கான். ஜூஸு தளும்பி அந்த வெள்ளைச் சட்டைக் கையில ஒழுகுது. உதவியாளர் என்னை ஒரு பார்வை பாத்தாரு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்சது மாதிரி, காரு, கொடி, போர்டு எல்லாம் ஒழுகிப் போகுது என் கண்ணு முன்னால.

நான் என்ன செஞ்சிருக்கணும், நீங்களே சொல்லுங்க. குனிஞ்சேன். வாயக் கொண்டு போயி டம்ளர்ல வச்சேன். குடிச்சிட்டேன். ஒரு சொட்டு விடாமக் குடிச்சேன். சுகர் உள்ள மனுசன் சார் நான். மூணு கரண்டி சீனி போட்ட ஜூஸு. தடிவீரன் பட்டினிதான் கிடந்தான், நான் உயிரையே பணயம் வச்சேன். அத எவன் நினைச்சுப் பாக்கான்? குடிச்சு நிமிந்து, உண்ணாவிரதம் மாபெரும் வெற்றின்னு மைக்ல கத்தினேன். நம்ம ஆளுவ கைதட்டினானுவ. அமைச்சர் என் தோள்ல தட்டிட்டுக் காருல ஏறிட்டாவ.

மறுநாள் பேப்பர்ல போட்டோ. அமைச்சர் பழரசம் கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்து வைத்தார். குடிக்கது நான். கீழ என் பேரு, சாகும்வரை உண்ணாவிரதம் இருந்த தோழர் ஆவுடையப்பன்னு. என் வீட்டுக்காரி பேப்பரப் பாத்துட்டு, நீங்க எப்பம் பட்டினி கெடந்திய, இட்லிக்கு மொளகாப்பொடி எங்கன்னு ஆள்விட்டுக் கேட்டியளேன்னா. பொம்பளைக்கு அரசியல் சொன்னாப் புரியுமா?

சரி, முடிஞ்சிட்டு. எல்லாம் முடிஞ்சிட்டு. பந்தல்காரன் பந்தலப் பிரிச்சிட்டான், மைக் செட்டுக்காரன் மைக்கக் கழட்டிட்டான், வாழைமரத்த மாடு தின்னுட்டு. இவன் மட்டும் எந்திரிக்கல சார். வெயில்ல அந்த இடத்துலயே உக்காந்திருக்கான். இன்ஸ்பெக்டர் வந்து பேப்பர விரிச்சுக் காட்டி, உண்ணாவிரதம் முடிஞ்சதுன்னு போட்டிருக்குல்லா, நீ எதுக்கு இன்னும் உக்காந்திருக்கன்னு கேட்டாரு. "அது அண்ணாச்சி இருந்த உண்ணாவிரதம். இது என்னுது"ன்னான்.

இந்த ஒரு சொல்லுதான் சார் என்னைக் கொன்னது. டிப்போ பூராப் பரவிட்டு. முதல்ல பிட்டர் பயலுவ ரெண்டு பேரு போயிப் பக்கத்துல உக்காந்தானுவ. பொறவு கண்டக்டர்மாரு. பொறவு அந்தப் பக்கத்துச் சங்கம், இந்தப் பக்கத்துச் சங்கம், எல்லாப் பயலும். கொடியக் கம்பத்துலயே விட்டுட்டு வந்து உக்காந்தானுவ. கொடியில்லாம ஒரு போராட்டம் நான் அதுவரை பாத்ததில்ல. யாரு கட்சின்னே தெரியல, எனக்குப் பயமாப் போச்சு. ஒரு வண்டி வெளிய போகல. நான் போயி, தோழர்களே கட்டுப்பாடு வேணும், தலைமை சொல்லாம உக்காரப்பிடாதுன்னேன். கூட்டத்துக்குள்ள இருந்து ஒருத்தன் கையில ஒண்ணுமில்லாம டம்ளர் பிடிக்க மாதிரி பிடிச்சு என் பக்கமா நீட்டினான். எல்லாரும் நீட்டினானுவ. அத்தன கையும். என்ன மனுசங்க சார். அவனுவளுக்காக உழைச்சவன் நான்.

கடைசியில தடிவீரன் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தினாவ. உக்காந்தவன்ல பாதிப் பேர வெளியூருக்கு மாத்தினாவ. ஏதாச்சும் கிடைச்சுதான்னு கேக்கியளா? இன்னொரு குழு கிடைச்சுது. இவன் நாலு மாசம் கழிச்சு, மெலிஞ்ச உடம்போட, புதுப் பென்சன்லயே ரிட்டயர் ஆனான். அந்த வாரியப் பதவி யாருக்குப் போச்சு தெரியுமா? என் கோசத்தத் திருடினான்லா அந்தப் பக்கத்துச் சங்கத்துக்காரன், அவன் பொறவு எங்க கட்சிக்குத் தாவிட்டான், அவனுக்கு. ஒரே கம்பத்துல நின்ன என்னை எவனும் கேக்கல.

எனக்குக் கிடைச்சது பேருதான். சாத்துக்குடி அண்ணாச்சி. டிப்போவுல, பஸ் ஸ்டாண்டுல, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் அதான். நான் ரிட்டயர் ஆனப்ப, வழக்கமா மோதிரம் போடுவானுவ சார், எனக்குத் தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சு ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிக் கொடுத்தானுவ. அதுல அந்தப் பேரையும் வெட்டி. நல்ல கனம். வீட்டுல அதுலதான் காப்பி குடிக்கேன், பொருள் மேல என்ன கோவம்?

என் பென்சனா? அது வருது சார், பழையது. முதல் தேதி டாண்ணு வந்திரும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மெதுவாப் பேசுங்க. வாரான். நம்ம வண்டிக்குத்தான் வாரான். பேப்பர விரிங்க, பேப்பர விரிங்க. பாத்துட்டான், சவம்.

ஆமாவே. சௌக்கியந்தான். இல்ல, இறங்கல, முட்டு வலி. நீ எப்பிடி இருக்க? வீட்டுல? அப்படியேதான் இருக்காளா. சரி. சரி, போயி வேலையப் பாரு.

போயிட்டான். பாத்தியளா, மூஞ்சியில கொஞ்சமாச்சும் வருத்தம் இருக்கா? ஒரு மனுசனோட வாழ்க்கையவே கெடுத்தோமேன்னு ஒரு இது வேண்டாமா? சிரிச்சுக்கிட்டுப் போறான்.

திரும்ப வாரானே. கையில என்னது அது?

என்னவே இது? எதுக்குவே எனக்கு? இவன் சொல்லுததக் கேட்டியளா சார், இங்கன இவனுக்குச் சம்பளத்தோட ஒரு நேரச் சாப்பாடும் ஒரு ஜூஸும் உண்டாம். சாப்பாட்டப் பொட்டலம் கட்டி வீட்டுக்காரிக்குக் கொண்டு போயிருவானாம். ஜூஸு வீடு போய்ச் சேருததுக்குள்ள கெட்டுப் போயிருமாம், அதனால நான் குடிக்கணுமாம். நீ குடிவே. வேண்டாமா? பழக்கமில்லயாமா.

ஜன்னலுக்குள்ள கையை நீட்டிக்கிட்டே நிக்கான் சார். நீங்க குடிக்கியளா? வேண்டாமா? டிரைவர் வேற ஏறிட்டான். ஹாரன் அடிக்கான். இவனுக்குக் கை வலிக்கும்லா.

சரி, கொடு. நீட்டின டம்ளர வேண்டாம்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல.

இந்தா டம்ளரு. வாரேன்வே.

சாத்துக்குடிதான் சார். சீனி போடாம வாங்கியிருக்கான். எனக்குச் சுகர்ங்கத இத்தன வருசம் ஞாபகம் வச்சிருக்கான், பாருங்களேன். இவ்வளவு நல்ல மனுசன், அன்னைக்கே குடிச்சிருக்கலாம்லா.